ஒரே ஒரு பிரதி

சென்ற ஆண்டு எங்கள் இல்லத்தில் ஒரு சிறு விபத்து நேர்ந்தது. மேசையோரத்தில் இருந்த ஹார்ட் டிஸ்க், அதன் வயரில் குழந்தையின் கால் பட்டுத் தரையில் விழுந்தது. பெரிய ஓசை எதுவும் எழவில்லை. ஆயினும், மறுபடி கணினியுடன் இணைத்தபோது 'டக், டக்' என்னும் ஒலி மட்டுமே வந்தது. ஒரு படமும் திறக்கவில்லை. பழுது பார்ப்பவரிடம் கொண்டு சென்றோம். சுழலும் தகட்டின்மேல், தலைமயிரின் பருமனைவிட மிகச் சிறிய இடைவெளியில் மிதந்து பதிவைப் படிக்கும் முனை, தகட்டையே உரசிவிட்டது என்றார் அவர்.

பன்னிரண்டு ஆண்டுப் படங்கள் அதில் இருந்தன. பிள்ளைகளின் திருமுழுக்கு, புதுநன்மை, தங்கையின் திருமணம் ஆகியவற்றின் படங்கள் சிலவற்றை உறவினர்களின் கைப்பேசிகளிலிருந்து திரும்பப் பெற்றோம். வாட்ஸ்அப் வழியே சென்றவை ஆதலால் தெளிவு குறைந்திருந்தன, எனினும் கிடைத்தன. கிடைக்காதது ஒன்று உண்டு. மறைந்த எங்கள் பாட்டி பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொன்ன ஒலிப்பதிவு அது. அதனை எவருக்கும் அனுப்பிவைக்க எங்களுக்குத் தோன்றவில்லை. அக்குரலை இனி நாங்கள் கேட்க இயலாது.

முன்னாளில் ஆல்பம் நம் வீட்டில் இருக்கும். நெகட்டிவ் பெரும்பாலும் ஸ்டூடியோக்காரரிடம் இருக்கும். நாம் திட்டமிடாமலேயே இரண்டு இடங்களில் காப்பு இருந்தது. இன்று ஆயிரக்கணக்கில் படம் எடுக்கிறோம். அனைத்தையும் ஒரே பெட்டியில் அடைத்துவிட்டு நிம்மதியாக உறங்குகிறோம்.

தாய் ஒருவரின் வீட்டுக் கணினி

பெரிய நிறுவனங்களும் இத்தவற்றுக்கு விலக்கல்ல. 1998-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி 2' என்னும் படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தது. எவரோ தவறாக இட்ட ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. காப்புப் பிரதி இருக்கிறதே என்று தேடினார்கள். அதுவோ சரிவரப் பதிவாகியிருக்கவில்லை. அங்குப் பணியாற்றிய கேலின் சஸ்மன் என்னும் பெண்மணி, குழந்தை பெற்றிருந்த காரணத்தால் வீட்டிலிருந்தே வேலை செய்ய ஒரு பிரதி வைத்திருந்தார். அக்கணினியைப் போர்வையில் சுற்றிக் காரில் ஏற்றி வந்தார்கள். படம் பிழைத்தது, 1999-இல் வெளிவந்தது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. ஒரு பிரதி வேறோர் இடத்தில் இருக்கவேண்டும். இருக்கிறது என்று நம்பும் பிரதியை அவ்வப்போது திறந்து பார்க்கவேண்டும்.

எதனைத் தேர்ந்தெடுப்பது?

கணினி அறிந்தோர் கூறும் எளிய விதி இது: மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வீட்டுக்கு வெளியே.

பென் டிரைவ் படங்களை எடுத்துச் செல்ல ஏற்றது. ஆண்டுக்கணக்கில் காத்துவைக்க ஏற்றதன்று. அதில் உள்ள மின்னேற்றம் காலப்போக்கில் கசிந்து பதிவு கெடக்கூடும். தனி ஹார்ட் டிஸ்க் அதிகக் கொள்ளளவு உடையது. ஆனால் அதிர்ச்சி தாங்காது. படங்களைப் பதிந்தபின் கழற்றி அலமாரியில் வைப்பதே நன்று.

இணையச் சேமிப்பு வெளியே வைக்கும் பிரதிக்கு ஏற்றது. ஆயினும் அதன் நிபந்தனைகளை அறிந்திருத்தல் நலம். கூகுள் போட்டோஸ் அளவின்றி இலவசமாக வைத்துக்கொள்ளும் வசதியை 2021 ஜூன் 1 முதல் நிறுத்திவிட்டது; மின்னஞ்சலுக்கும் சேர்த்து 15 ஜி.பி. மட்டுமே இலவசம். இரண்டு ஆண்டுகள் தொட்டே பாராத கணக்கை அந்நிறுவனம் நீக்கவும் கூடும். மேலும், கைப்பேசியில் அந்தச் செயலியைத் திறந்து ஒரு படத்தை அழித்தால், இணையப் பிரதியும் உடன் அழியும். குப்பைக் கூடையிலிருந்து மீட்க 60 நாள் தவணை உண்டு, அதற்குமேல் இல்லை. ஆகவே இணையம் ஒன்றே போதும் என்று இருந்துவிடலாகாது. கடவுச்சொல்லைக் குடும்பத்தில் இன்னொருவரும் அறிந்திருக்கட்டும்.

எங்கள் வீட்டில் இப்போது ஹார்ட் டிஸ்க் இரண்டு. ஒன்று ஊரில் தம்பி வீட்டில் இருக்கிறது. விடுமுறைக்குச் செல்லும்போது புதிய படங்களைச் சேர்த்துத் திறந்து பார்த்து வருகிறோம். மிக முக்கியமான சிலவற்றை அச்சிட்டு ஆல்பத்தில் ஒட்டியும் வைத்திருக்கிறோம்.

உங்கள் இல்லத்தில் பாட்டியோ தாத்தாவோ இருக்கின்றார்களா? வரும் ஞாயிறு மாலை அவர்களைப் பேசச்சொல்லிப் பதிவு செய்யுங்கள். அன்றிரவே அதற்கு இரண்டாம் பிரதி எடுங்கள். பிறகு உறங்கச் செல்லுங்கள்.