சொந்த ரத்தம் வேண்டாம்!

காரைக்குடி வட்டாரத்தில் ஒருவருக்கு ரத்தம் தேவை என்ற செய்தி பரவினால், மருத்துவமனை வாசலில் முதலில் வந்து நிற்பவர்கள் உறவினர்கள்தான். சில ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் வந்த 19 வயது மாணவிக்காகவும் அவருடைய அண்ணனும் சித்தப்பாவும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைத் தடுத்ததற்காக அன்று நான் வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல.

நான்கு மாதங்களாக ரத்தசோகை என்று இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டு வந்தவர் அந்த மாணவி. காலில் அடிபடாமலே நீலத் திட்டுகள். பல் துலக்கினால் ஈறில் ரத்தம். ஹீமோகுளோபின் 5 கிராம். ஒன்றரை லட்சத்துக்குக் குறையக் கூடாத தட்டணுக்கள் 9,000. வெள்ளை அணுக்களும் மிகக் குறைவு. இரும்புச் சத்துக் குறைந்தால் பொதுவாக சிவப்பணுக்கள்தான் பாதிக்கப்படும். மூவகை அணுக்களும் ஒருசேரக் குறைந்தால், அவற்றை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வைட்டமின் பி12 குறைபாட்டிலும், ரத்தப் புற்றுநோயிலும்கூட இப்படி நேரலாம். எனவே, இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பது கட்டாயம். அந்த மாணவியின் மஜ்ஜையில் அணுக்களை உருவாக்கும் செல்கள் அநேகமாக இல்லை. அந்த இடத்தைக் கொழுப்பு நிரப்பியிருந்தது. 1888-இல் ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக் விவரித்த 'ஏபிளாஸ்டிக் அனீமியா' இதுதான். மேரி கியூரி 1934-இல் இந்த நோயால்தான் இறந்தார். அவருக்குக் கதிர்வீச்சு காரணம் என்பர். பெரும்பாலானோருக்கோ, உடலைக் காக்க வேண்டிய 'டி' செல்களே மஜ்ஜையின் மூல செல்களைத் தாக்கி அழிக்கின்றன. வேலியே பயிரை மேய்கிறது.

இது தெரியவந்த விதம் சுவையானது. மாற்று மஜ்ஜையை உடல் ஏற்பதற்காக, நோய் எதிர்ப்பை அடக்கும் ஊநீரைச் சில நோயாளிகளுக்குச் செலுத்தினார் பிரெஞ்சு மருத்துவர் ஜார்ஜ் மாத்தே. செலுத்திய மஜ்ஜை ஒட்டாதபோதும், நோயாளியின் சொந்த மஜ்ஜை உயிர்த்தெழுந்தது!

எல்லா மஜ்ஜைச் செயலிழப்பும் எதிர்ப்பாற்றலின் பிழையல்ல. மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள் மணம் முடிக்கும் நம் ஊர்களில், 'ஃபான்கோனி அனீமியா' என்ற பரம்பரை நோயையும் நினைவில் கொள்ள வேண்டும். அதற்கு ஊநீர் பயன்படாது. மாற்று சிகிச்சைக்கான மருந்துகளையும் வழக்கமான அளவில் அந்த உடல் தாங்காது. அந்த மாணவியின் பெற்றோரும் நெருங்கிய உறவினர்களே. எனவே, குரோமோசோம் முறிவுச் சோதனை செய்தோம். நல்லவேளையாக, அந்த நோய் இல்லை.

இனி, நான் வாங்கிய ஏச்சுக்கு வருகிறேன். இளம் வயதினருக்கு நோய் கடுமையாக இருந்து, உடன்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்தினால், மாற்று சிகிச்சையே முதல் தேர்வு. ஓர் உடன்பிறப்பு பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்புண்டு. அந்த அண்ணனின் ரத்தத்தை முன்னதாகவே ஏற்றிவிட்டால், தங்கையின் உடல் அதற்கெதிராகத் தயாராகிவிடும். பின்னர் அவருடைய மஜ்ஜையைச் செலுத்தும்போது நிராகரிக்கக்கூடும். பெற்றோர், பிற ரத்த உறவினர்களின் ரத்தத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தேவைப்படும் ரத்தத்தை, உறவல்லாத தன்னார்வக் கொடையாளரிடம் பெற்று, வெள்ளை அணுக்களை வடிகட்டி, கதிர்வீச்சுக்கு உட்படுத்தி ஏற்றுவதே முறை.

பொருத்தம் இல்லையென்றால், ஊநீரும் சைக்ளோஸ்போரினும் உண்டு. 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், குதிரை ஊநீர் பெற்றவர்களில் 68 சதவீதத்தினர் ஆறு மாதங்களில் பலன் கண்டனர். முயல் ஊநீரில் 37 சதவீதத்தினர்தான். இப்போது எல்ட்ரோம்போபேக் மாத்திரையும் சேர்க்கப்படுகிறது. பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும். முதல் மாதத்திலேயே மனம் தளர்ந்து மருந்தை நிறுத்திவிடும் குடும்பங்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் 1986 முதலே மஜ்ஜை மாற்று சிகிச்சை நடைபெறுகிறது. முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்திலும் அதற்கு இடமுண்டு.

அந்த அண்ணனின் மஜ்ஜை பொருந்தியது. அன்று என்னை ஏசிய சித்தப்பா, தங்கை மகனுக்குத் தட்டணு குறைந்தபோது, யாருடைய ரத்தத்தை ஏற்றலாம் என்று முதலில் என்னிடம்தான் கேட்டார். அது வெறும் டெங்கு காய்ச்சல்.