கோழி இரத்தத்தில் உறையும் நுண்கிருமிகள்

நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ அறுவடையான தாள் வயல்களில் மேயும் கோழிகள் கொண்டை வெளிறி, இறகு தொங்கிச் சில தினங்களில் மடியுமாயின், குடியானவர் அதனை வெள்ளைக்கழிச்சல் என்றே தீர்மானித்துவிடுவர். பெரும்பாலும் அஃது உண்மையே. ஆயினும் கொசுக்கடியால் வரும் பறவை மலேரியாவிலும் கோழிகள் சோர்ந்து, கால் தளர்ந்து மாளுவதுண்டு. வெள்ளைக்கழிச்சலுக்கு முன்கூட்டிய தடுப்பூசியே கதி. அவ்வூசி மலேரியாவைத் தடாது. ஆகவே பிரித்தறிதல் அவசியம். அதற்கு ஒரு துளி இரத்தம் போதும்.

1898-ஆம் ஆண்டு கல்கத்தாவில் ரொனால்டு ராஸ், நோயுற்ற சிட்டுக்குருவிகளைக் கடித்த கொசுக்களின் உமிழ்நீர்ச் சுரப்பியில் மலேரியாக் கிருமிகளைக் கண்டார். அக்கொசுக்கள் கடித்த நல்ல குருவிகளும் நோயுற்றன. மனிதரின் மலேரியாவுக்கும் கொசுவே காரணம் என்ற துணிபுக்கு இக்குருவிகள் துணைநின்றன. கோழியைப் பற்றும் இனத்துக்குப் பிளாஸ்மோடியம் காலினேசியம் என 1935-இல் பிரெஞ்சு அறிஞர் புரும்ப்ட் பெயரிட்டார்.

நோயுற்று உயிரோடிருக்கும் கோழியின் இறக்கை நரம்பில் ஊசியால் குத்தி, சிறு துளியைக் கண்ணாடிச் சில்லில் ஏற்று, மற்றொரு சில்லின் விளிம்பால் மெல்லிதாக இழுத்து உலர்த்துக. செத்து நேரமான கோழியின் இரத்தம் உதவாது. பின்னர் மெதில் ஆல்கஹாலில் நனைத்து, ஜீம்சாச் சாயம் ஏற்றி, எண்ணெயிட்ட நூறு மடங்கு வில்லையால் நோக்குவர்.

மனிதருடையது போலன்றிப் பறவையின் சிவப்பணு நீள்வட்டமானது. நடுவே உட்கருவும் உண்டு. புதியோர் அவ்வுட்கருவையே கிருமியென மயங்குவர். சாயக் கசடும் ஏமாற்றும். அஃது அணுவின் மேலே படிந்திருக்குமாதலால், திருகைச் சற்றே அசைத்தால் அணு மங்கக் கசடு தெளியும்.

மலேரியாக் கிருமி கரிய பொடி படிந்தது. இரத்த ஓட்டத்திலேயே பல துண்டாகப் பிளவுபடும். கோழியினத்தில் முதிர்ந்த பாலுருவம் உருண்டு, உட்கருவை ஒருபுறம் தள்ளும். புறா ஈயால் பரவும் ஹீமோபுரோடியஸிலும் பொடி உண்டு. ஆனால் அதன் பிளவுருவம் இரத்தத்தில் வாராது. பாலுருவம் உட்கருவை வில்போல் வளைந்து தழுவும். லியூகோசைட்டோசூனில் பொடியே இல்லை. அணு உருக்குலைந்து பருக்கும். ஓருருவம் மட்டும் கண்டு இனத்தைத் துணிதல் தகாது. ஐயமுளதாயின் மரபணுப் பரிசோதனை இக்காலத்தில் உதவுகிறது.

கிராம அதிகாரிகள், கோழிகள் கூட்டமாய் மாளுமிடத்து, உலர்ந்த சில்லுகளைத் தாளில் தனித்தனியே சுற்றி, தேதியும் மாண்ட எண்ணிக்கையும் எழுதி, அருகிலுள்ள அரசாங்கக் கால்நடை மருத்துவமனைக்குத் தாமதமின்றி அனுப்புக. எறும்பும் ஈயும் அண்டாமல் மூடிவைத்தல் வேண்டும். சாயமிடாத இரத்தப் பூச்சை அவை ஒரே இரவில் தின்றுவிடும்.