கைத்திறனுக்கு ஒரு கலாசாலை

இலண்டன் மாநகரில் பார்க்கவேண்டிய இடங்கள் பல. அவற்றுள் தென் கென்சிங்ரன் பகுதியிலுள்ள விக்ரோறியா அல்பேட் நூதனசாலை தனிச் சிறப்புடையது. நாற்காலி, தட்டு, துணி, பூட்டு, ஆபரணம் என மனிதன் கையால் ஆக்கிய பொருள்களை, அவற்றின் வேலைப்பாட்டுக்காகவே போற்றும் இடம் அது. அதனுட் செல்லக் கட்டணம் இல்லை.

அது தோன்றிய வரலாறு மாணவர் அறியத்தக்கது. 1851ஆம் ஆண்டு இலண்டனில் ஹைட் பூங்காவிலே உலகப் பெரும் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. யந்திரத் தொழிலில் முன்னின்ற பிரித்தானியா, பொருள்களின் வடிவழகிற் பின்தங்கியுள்ளதென அந்நாட்டு அறிஞர் சிலர் அப்போது உணர்ந்தனர். இந்தியத் துணிகளின் கோலங்களைக் கண்டு அவர்கள் வியந்தனர். தம் நாட்டுத் தொழிலாளர் நல்ல மாதிரிகளைப் பார்த்துக் கற்கவேண்டுமென்னும் நோக்கத்துடன் 1852இல் இந்நூதனசாலை நிறுவப்பட்டது. 1857இல் தென் கென்சிங்ரனுக்கு இடம் மாறியபின், பகலெல்லாம் உழைப்போரும் வந்து காணும்பொருட்டு, அதன் தலைவர் ஹென்றி கோல் வாயுவிளக்கேற்றி இரவிலும் கதவுகளைத் திறந்துவைத்தார்.

அங்கே என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தவை 1873இல் திறக்கப்பட்ட வார்ப்பு மண்டபங்களே. அங்குள்ளவை மூலச் சிற்பங்களல்ல. சாந்தினால் வார்த்தெடுத்த பிரதிகள். இத்தாலிக்குச் செல்ல வசதியில்லாத மாணவரும் மைக்கலாஞ்சலோவின் தாவீதை இங்கே அண்ணாந்து பார்க்கலாம். அதன் உயரம் ஐந்து மீற்றருக்கு மேல். றோமாபுரியின் திறாயன் தூண் கூரைக்குள் அடங்காமையால் இரு துண்டுகளாக நிற்கின்றது. மூலத் தூணோ பத்தொன்பது நூற்றாண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்பது. நகரத்துப் புகையாலும் அது தேய்ந்துள்ளது. 1860களில் எடுத்த அச்சின் வழிவந்த இப்பிரதியில், அங்கே மங்கிப்போன நுண்கோடுகள் சில இன்னும் தெளிவாய் உள்ளன. பிரதியென்று இகழ்ந்து ஒதுக்கியிருந்தால் அவை நமக்குக் கிடைத்திரா.

மற்றோர் அறையில் திப்பு சுல்தானின் மரப்புலி உண்டு. ஐரோப்பியன் ஒருவனை வீழ்த்தி அவன்மேல் நிற்கும் அப்புலியின் வயிற்றுக்குள் இசைக்கருவி ஒன்று அமைந்துள்ளது. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கொள்ளைப் பொருளாக எடுக்கப்பட்டது அது. அதனைச் செய்த கைகளை வியக்கும்போதே, அது அவ்விடம் வந்த வழியையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.

மண்டபத்தின் ஒரு மூலையில் இளைஞர் சிலர் சிறு முக்காலிகளில் அமர்ந்து, பென்சிலால் தூணின் உருவங்களைப் பார்த்துக் கீறிக்கொண்டிருந்தனர். அவர்களைத் தடுப்பார் எவருமில்லை. அக்காட்சி என் மனத்தைச் சுட்டது.

பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பிலே பொற்கொல்லர் ஒருவரின் மகன் படித்தான். அட்சரகணிதக் கொப்பியின் ஓரங்களிலே தோடும் அட்டியலும் நுணுக்கமாய்க் கீறுவான். “படம் கீறுவது பரீட்சைக்கு உதவாது” என்று கடிந்து, அத்தாளைக் கிழித்தெறிந்தேன். அவன் பரீட்சையிற் சித்தியெய்தி எழுதுவினைஞனானான். சென்ற வருடம் அவனைக் கண்டபோது, “இப்போதும் கீறுவதுண்டா?” என்று கேட்டேன். “இல்லை, சேர். அப்பாவின் பட்டறையும் பூட்டியாயிற்று” என்றான். அச்சொல்லிற் கோபம் இருக்கவில்லை. அதுவே எனக்கு வேதனை தந்தது.

இலண்டனுக்கு எல்லோரும் செல்ல இயலாது. ஆயினும் 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலை நமக்கு எட்டும் தூரத்திலேயே உள்ளது. விடுமுறையிற் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டி அவர்களைக் களைப்படையச் செய்யவேண்டாம். ஒரு விளக்கையோ ஒரு தந்தப் பேழையையோ அவர்களே தெரிந்தெடுக்கட்டும். அதன்முன் அரைமணி நேரம் நின்று பார்க்கட்டும். வீடு திரும்பியதும் நினைவிலுள்ளதைத் தாளிலே கீறச் சொல்லுங்கள். கோடு கோணலாயினும் அத்தாளைப் பத்திரப்படுத்தி வையுங்கள்.