சாம்பாருக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்

ஒரகடம் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை. என் கல்லூரி நண்பர் அங்கே எச்.ஆர். மேலாளர். ஒரு முழு நாள் உன்னோடு இருந்து பார்க்கலாமா என்று கேட்டபோது, "தாராளமா வா. கம்பெனி பேரை மட்டும் போட்டுடாதே. அப்புறம் எனக்கு நானே ரிலீவிங் லெட்டர் அடிச்சுக்கணும்" என்றார்.

மதியம் பன்னிரண்டரை. கேன்டீனில் இரண்டாவது பந்தி. நாங்கள் உட்கார்ந்திருந்த மேசைக்கு ஓர் இளைஞர் தட்டோடு வந்தார். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். தட்டை நண்பருக்கு முன்னால் வைத்தார். "சார், ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க."

சாம்பார் தெளிந்த குட்டை மாதிரி இருந்தது. பருப்பு எங்கோ அடியில். நண்பர் மறுப்பேதும் சொல்லாமல் பிசைந்து ஒரு வாய் போட்டார். "நாளைக்குச் சரி பண்ணச் சொல்றேன் தம்பி."

"போன வாரமும் இதையேதான் சார் சொன்னீங்க."

கோபமில்லாமல் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நண்பர் கையைக் கழுவிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். சாப்பாட்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பேசி முடித்தது பர்ச்சேஸ் துறை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் பிளான்ட் ஹெட். பருப்பு விலை ஏறியதும் கேட்டரிங்காரர் தண்ணீரைக் கூட்டினார். இந்த மூன்றில் எதிலும் நண்பருக்குப் பங்கில்லை. ஆனால் தட்டு வந்து நின்றது இவர் மேசையில்.

எச்.ஆர். வேலையின் சிக்கல் என்று கேட்டால், ஆள் எடுப்பது கஷ்டம், எடுத்த ஆளை வைத்துக்கொள்வது அதைவிடக் கஷ்டம் என்று கருத்தரங்குகளில் அடுக்குவார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் எனக்கு அன்றைக்குப் புரிந்த சிக்கல் வேறு. முடிவை எடுப்பது ஒருவர், அதற்கு முகம் காட்டுவது இன்னொருவர்.

சாம்பாரைச் சிறிய விஷயம் என்று நினைப்பவர்கள் 2021 டிசம்பரை நினைத்துப் பார்க்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் பெண்கள் பூந்தமல்லி பக்கம் ஒரு விடுதியில் தங்கியிருந்தார்கள். அங்கே சாப்பிட்ட உணவு ஒத்துக்கொள்ளாமல் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சேர்ந்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று தோழிகளுக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. சிலர் இறந்தே போனார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை மூடப்பட்டது, திறக்க அடுத்த மாதம் ஆயிற்று. ஆப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. உலகத்தின் மிக நவீனமான பொருள் ஒன்றின் உற்பத்தியை நிறுத்தியது ஒரு வேளைச் சாப்பாடும், நேரத்துக்கு வராத ஒரு பதிலும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளோடு பெண் தொழிலாளர்களுக்கான விடுதியை சிப்காட் திறந்ததற்குப் பின்னால் இந்தக் கதையும் இருக்கிறது.

இந்த வேலைக்கு ஒரு பழைய பெயர் உண்டு: நல அலுவலர். 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் கட்டாயம் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் போன்ற இடங்களில் படித்துவிட்டு இந்தப் பணிக்கு வந்தவர்கள் ஏராளம். கவனியுங்கள், அவர்கள் படித்தது நிர்வாகவியல் அல்ல, சமூகப்பணி. அந்த நாளில் பல மாநில விதிகளில் ஒரு நிபந்தனையும் இருந்தது: நல அலுவலர் தொழிலாளிக்கு எதிரான ஒழுங்கு நடவடிக்கையில் தலையிடக்கூடாது, நிர்வாகத்தின் சார்பில் தொழிலாளிக்கு எதிராக நீதிமன்றத்திலோ சமரச அலுவலர் முன்போ போய் நிற்கக்கூடாது. கண்ணீர் துடைக்கும் கையும் சார்ஜ் ஷீட் கொடுக்கும் கையும் ஒன்றாக இருக்கக்கூடாது என்று விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு பர்சனல் மேனேஜர் வந்தார், எச்.ஆர். வந்தார், இப்போது சில இடங்களில் 'பீப்பிள் ஆபீசர்'. பெயர் மாற மாற இரண்டு கைகளும் ஒரே உடம்பில் ஒட்டிக்கொண்டன. காலையில் குழந்தைக்குக் காதுகுத்து என்று அட்வான்ஸ் கேட்டு வந்தவரிடம், மாலையில் உங்கள் மேல் விசாரணை என்று கடிதம் நீட்டுவதும் நண்பர்தான்.

அந்த இரண்டாவது கையைப் பார்த்துத்தான் கோபம் பாய்கிறது. 2009 செப்டம்பரில் கோவையில் ஓர் ஆலையின் எச்.ஆர். துணைத் தலைவர் தொழிற்சாலைக்குள்ளேயே தாக்கப்பட்டு இறந்தார். 2012 ஜூலை 18 அன்று ஹரியானாவின் மானேசரில் மாருதி ஆலைக் கலவரத்தில் எச்.ஆர். பொது மேலாளர் தீயில் சிக்கி இறந்தார். அந்த வழக்கில் 2017-இல் 13 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 117 பேர் விடுதலையானார்கள். அவர்களில் பலர் அதற்குள் வருடக்கணக்கில் சிறையில் இருந்துவிட்டார்கள். அந்தக் கொலைகளுக்கு எந்த நியாயமும் கிடையாது. ஆனால் ஊதியக் கொள்கையையும் சங்கத்தை அங்கீகரிப்பதா இல்லையா என்பதையும் எந்த நிறுவனத்திலும் எச்.ஆர். தனியாக முடிவு செய்வதில்லை. முடிவு செய்தவர்கள் அந்த நேரத்தில் ஷாப் ஃப்ளோரில் இருப்பதில்லை.

சங்கம் என்ற சொல்லைக் கேட்டதும் நண்பர் குரலைத் தாழ்த்தினார். இந்தப் பகுதியில் யாரும் 2024-ஐ மறக்கவில்லை. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் செப்டம்பர் 9-ஆம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. ஊதியமும் கோரிக்கைதான், ஆனாலும் முட்டுக்கட்டையாக நின்றது சங்கப் பதிவும் அங்கீகாரமும். "எங்க ஜெனரேஷனுக்குப் பன்னிரண்டு மூணும் பதினெட்டு ஒண்ணும் தெரியாம எச்.ஆர். ஆக முடியாது. இப்ப வர்ற பசங்களுக்குப் பவர்பாயின்ட் தெரியும், பேச்சுவார்த்தை தெரியாது" என்றார். அவர் சொன்னவை பழைய தொழில் தகராறுகள் சட்டத்தின் பிரிவுகள். சமரச அலுவலர் முன்னிலையில் போடுவது 12(3) ஒப்பந்தம். இரு தரப்பும் தாங்களே பேசி முடிப்பது 18(1). இரவு இரண்டு மணிவரை பேசி, கடைசி இருநூறு ரூபாயில் இழுபறியாகி, டீ குடித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்வது ஒரு தனிக் கலை. வளாக நேர்காணலில் எடுத்து நேராக டேஷ்போர்டு முன் உட்காரவைக்கும் இளைஞர்களுக்கு அதை யாரும் சொல்லித்தருவதில்லை. நண்பர் சொன்னதில் கொஞ்சம் பழைய ஆள் அலுப்பு உண்டு. ஆனால் பெரும்பகுதி உண்மை என்றே எனக்குப் படுகிறது.

பேச்சுவார்த்தை மேசைக்கே வராத கூட்டம் ஒன்றும் இருக்கிறது. லைனில் அருகருகே நிற்கும் இருவரில் ஒருவர் நிரந்தரம், இன்னொருவர் கான்ட்ராக்ட். சட்டை நிறம் வேறு, சம்பளம் வேறு, வேலை ஒன்று. கான்ட்ராக்ட் ஆளின் பெயர் நண்பரின் பட்டியலில் இல்லை, ஒப்பந்ததாரரின் பட்டியலில் இருக்கிறது. விரல் நசுங்கினால் மட்டும் நண்பருக்கு போன் வரும்.

அவர்களில் பாதிப்பேர் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத்தவரை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. ஹோலி நெருங்கிய நேரம் வேறு. ஊருக்குப் போவது பண்டிகைக்கா பயத்துக்கா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ரயில் நிலையங்களில் கூட்டம். காவல்துறை இந்தியில் விளக்கம் வெளியிட்டது. நண்பர் தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் விடுதி மாடியில் நின்று பேசியிருக்கிறார். "என் இந்தியைக் கேட்டுச் சிரிச்சாங்க. சிரிச்சதும் பயம் போச்சு." அவருடைய பணி விவரப் பட்டியலில் இது எந்த வரியிலும் இல்லை.

சென்னையின் ஐ.டி. சாலையான ஓ.எம்.ஆர். பக்கம் போனால் சாம்பார் கிடையாது, ஃபுட் கோர்ட். முகம் காட்டும் வேலை மட்டும் அங்கேயும் அதேதான். 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் இரண்டு சதவீதத்தை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டவர்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, அந்தச் சாலை முழுக்க வயிற்றில் புளி கரைந்தது. வேறொரு நிறுவனத்தில் எச்.ஆராக இருக்கும் ஒரு தோழி, ஆள்குறைப்பு நாட்களைப் பற்றிச் சொன்னார். பட்டியல் மேலிருந்து வரும். பேச வேண்டிய வாசகங்களும் எழுதியே வரும். அவற்றைத் தாண்டி ஒரு சொல் பேசக்கூடாது. அறையில் டிஷ்யூ பெட்டியும் தண்ணீர் பாட்டிலும் வைக்க வேண்டும் என்பதும் குறிப்பில் உண்டு. "ஒருத்தர் அழவே இல்ல. 'மேடம், நீங்க சாப்டீங்களா'ன்னு கேட்டார். நான்தான் அழுதேன்." அடுத்த சுற்றுப் பட்டியலில் தோழியின் பெயர் இருக்காது என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது.

எச்.ஆர். உட்காரும் இன்னோர் இடம் புகார்க் குழு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு தெளிவு இருக்கிறது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில்கூட உள்புகார்க் குழு வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஓர் உறுப்பினர். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். ஆனால் புகாருக்கு ஆளானவர் காலாண்டு வருமானத்தை இழுத்துவருகிறவராக இருந்தால், குழுவில் உட்கார்ந்திருக்கும் எச்.ஆருக்கு அப்ரைசல் எழுதுவதும் அவருடைய நண்பராக இருந்தால்? சட்டத்தால் குழு அமைக்கச் சொல்ல முடிந்தது. முதுகெலும்பை அமைத்துத் தர முடியவில்லை. அந்த வெளி உறுப்பினரின் அருமை அப்போதுதான் தெரியும் என்றார் தோழி. அவர் ஒருவருக்குத்தான் அந்தக் கட்டடத்தில் இன்க்ரிமென்ட் கிடையாது.

ஆள் எடுப்பதைப் பற்றி இரண்டு வரி. ரெஸ்யூமே எழுதுவது ஏ.ஐ., அதை வடிகட்டுவதும் ஏ.ஐ. என்றாகிவிட்ட நிலையில், நடுவில் மனிதர் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. அமேசான் இப்படி ஒரு மென்பொருளைச் செய்து பார்த்து, அது பெண்களின் விண்ணப்பங்களைக் கீழே தள்ளுகிறது என்று கண்டு கைவிட்டதாக 2018-இல் செய்தி வந்தது. பழைய பதிவுகளில் ஆண்களே அதிகம். இயந்திரம் அதையே பாடமாகப் படித்துக்கொண்டது.

இதற்கு நடுவே 29 சட்டங்களை நான்காகச் சுருக்கிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. நண்பர் நாக்கு நுனியில் வைத்திருந்த பிரிவு எண்கள் பலவும் ஒரே நாளில் பழசாயின. வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பளக் கணக்கை முடிக்க வேண்டும். 'ஃபுல் அண்ட் ஃபைனல்' என்று நாற்பத்தைந்து நாள் இழுத்தவர்களுக்கு இது இடி. நல அலுவலர் வேண்டும் என்ற வரம்பு 500-இலிருந்து 250 ஆகிவிட்டது. இதை மட்டும் நான் கைதட்டி வரவேற்கிறேன்.

பெரிய தலைவலி சம்பளச் சீட்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் தவிர்த்த மற்ற படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் சம்பளக் கணக்கில் சேரும் என்கிறது புதிய வரையறை. அன்று மாலை ஒரு பெண் ஊழியர் நண்பரிடம் வந்தார். மாதம் 30,000, அதில் அடிப்படை 10,000 மட்டும். அதற்கு மட்டுமே பி.எஃப். பிடித்துவந்தார்கள்: 12 சதவீதம், 1,200 ரூபாய். இனி கணக்கு 15,000-க்கு என்றால் 1,800. "கைக்கு வர்றது அறுநூறு குறையுதே சார்." கம்பெனியும் கூடுதலாகப் போடும், பணிக்கொடை கூடும் என்று நண்பர் காகிதத்தில் கூட்டிக் காட்டினார். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டார். "அது ரிட்டயர் ஆகும்போது சார். சீட்டுப் பணம் கட்டுறது இந்த மாசம் பத்தாம் தேதி." நண்பரிடம் அதற்குப் பதில் இல்லை. அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆறு மணிக்கு ஷிஃப்ட் பஸ்கள் வரிசையாகக் கிளம்பின. கேட்டருகே நின்று நண்பர் ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பஸ்ஸில் ஏசி வேலை செய்யவில்லை என்று ஜன்னல் வழியாக ஒரு குரல். கையை உயர்த்திக் காட்டினார்.

இரண்டு வாரம் கழித்து போன் செய்தார். கேட்டரிங் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கூட்டத்துக்கு முதல் முறையாகத் தன்னையும் அழைத்திருக்கிறார்கள் என்றார்.

"கையெழுத்துப் போடவா?"

"இல்லப்பா. உட்காரத்தான்."