துயரம் எத்தனை நாள்?

திருவாலங்காடு என்றதும் இரத்தின சபையும் காரைக்கால் அம்மையாரும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. 1905-ஆம் ஆண்டு இவ்வூரில் கிடைத்த இராசேந்திர சோழனின் செப்பேடுகளும் புகழ் பெற்றவையே. போரும் வெற்றியுமாகச் செல்லும் அந்த ஏடுகளின் நடுவே ஒரு துக்கச் செய்தி உண்டு. சுந்தர சோழர் மறைந்தபோது அவருடைய தேவி வானவன்மாதேவியும் உடன் உயிர் நீத்தார் என்பதே அது.

அவர்களுடைய மகள் குந்தவையார். தந்தை இறந்து ஏறத்தாழ 40 ஆண்டுகள் சென்றபின், அவருடைய திருமேனியைச் செய்வித்துத் தஞ்சைப் பெரிய கோவிலில் எழுந்தருளச் செய்தார் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. நாற்பது ஆண்டுகள்! இத்தனை காலமா ஒரு துயரம் நிற்கும்?

வியன்னா நகர மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு 1917-இல் வெளியிட்ட கட்டுரையில், இறந்தவர்மீதுள்ள பற்றைச் சிறிது சிறிதாக விடுவித்துக்கொள்வதே துக்கத்தின் வேலை என்றார். ஆனால் 1920-இல் அவரே தம் மகள் சோபியைப் பறிகொடுத்தார். அந்த இடத்தை எதுவும் நிரப்பாது என்ற கருத்தை 1929-இல் நண்பருக்கு எழுதினார். அறிவு சொன்னதைப் பெற்ற மனம் ஏற்கவில்லை போலும்! 1996-இல் டென்னிஸ் கிளாஸ் முதலிய அமெரிக்க அறிஞர்கள், இறந்தவரோடு உறவு தொடர்வது இயல்பே என்று ஒரு நூலில் விளக்கினர். குந்தவையாருக்கு இது முன்பே தெரிந்திருந்தது அன்றோ?

துக்கத்திற்கு ஐந்து படிகள் உண்டு என்று பலர் சொல்லக் கேட்கிறோம். 1969-இல் எலிசபெத் கூப்ளர்-ராஸ் அவற்றை எழுதியது, சாவை எதிர்நோக்கிய நோயாளிகளிடம் பேசிய பிறகு. உறவினரை இழந்தவர் எல்லாரும் அப்படிகளில் வரிசையாக ஏறி இறங்குவதில்லை.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி இவ்வாண்டு தந்தையை இழந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பள்ளிக்கு வந்த அன்றே கோ-கோ ஆட்டத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். மறுநாள் கணக்கு வகுப்பில் தேம்பினாள். "அதற்குள் மறந்துவிட்டாளா?" என்று இரயிலில் ஒரு பெரியம்மா கேட்டார். மறக்கவில்லை, பெரியம்மா! நெதர்லாந்தில் ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் இருவரும் 1999-இல் இதைத்தான் விளக்கினர். துயருற்ற மனம் ஊஞ்சலைப்போல் ஆடுகிறது. ஒரு நேரம் இழப்பை நினைத்து அழும். மறுநேரம் அதை விட்டு விலகி, தேர்ச்சி அறிக்கையில் இனி யார் கையெழுத்திடுவது என்பது போன்ற புது வேலைகளைப் பார்க்கும். இரண்டும் தேவை.

நம் முன்னோர் வழக்கத்திலும் இவ்வூஞ்சல் தெரிகிறது. மூன்றாம் நாள் பால் தெளிப்பு, பதினாறாம் நாள் காரியம், ஆண்டுத் திதி; கிறிஸ்தவ இல்லங்களில் முப்பதாம் நாள் பூசை, நவம்பர் 2-இல் கல்லறைத் திருநாள். அழுவதற்கென்று நாள் ஒதுக்கிவிட்டு, இடையில் உலை வைக்கச் சொல்லும் ஏற்பாடு இது.

ஆயினும் சிலருக்கு ஊஞ்சல் ஒரே பக்கம் நின்றுவிடுகிறது. 6 மாதங்களுக்கு மேலாகியும், தம் சமூகத்தின் வழக்கத்தையும் மீறி, அன்றாட வாழ்வை முடக்கும் ஏக்கத்தை உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட நோய்ப் பட்டியலில் சேர்த்துள்ளது. அதற்கு மருத்துவ உதவி வேண்டும். 2022-இல் தொடங்கிய அரசின் மனநல உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம்.

எங்கள் தோழிக்கு அந்நிலை இல்லை. தந்தையைப் பற்றி அவள் பேசும்போது பேச்சை மாற்றாதவர்களே அவளுக்குத் தேவை. சென்ற வாரம் உணவு வேளையில், அவர் வேர்க்கடலைச் சட்னி அரைக்கும் பக்குவத்தைச் சொன்னாள். மணி அடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.