வளர்த்த தந்தையர் இருவர்

புத்தளக் கடலோரத்து உடப்பில் ஆண்டுதோறும் திரௌபதை அம்மனுக்குத் தீமிதிப்பு நிகழும். பாரதக் கதை அவ்வூராருக்குப் புதிதன்று. திரௌபதையின் மாமியாகிய குந்தியும் ஒரு வளர்ப்பு மகளே. சூரசேனன் பெற்ற பிருதையைப் பிள்ளையில்லாக் குந்திபோஜன் மகளாக ஏற்றான். ஆயினும், சினம் மிக்க துர்வாசர் விருந்தினராக வந்தபோது, பணிவிடைப் பொறுப்பை அவளிடமே ஒப்படைத்தான். அரசனின் விருந்தோம்பலுக்குப் பாடுபட்டவள் சிறுமியன்றோ! அவள் அங்கே பெற்ற மந்திரமே கர்ணனின் பிறப்புக்கும் தன் நெடுந்துயருக்கும் வித்தாயிற்று.

2016இல் ஒளிபரப்பான 'சூப்பர்கேர்ள்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகத்தின் ஓர் அங்கத்திலும் வளர்ப்புத் தந்தை ஒருவர் வருகிறார். வேற்றுலகத்திலிருந்து வந்த, மானிடர்க்கில்லாத ஆற்றலுடைய காராவைத் தம் மகளாக வளர்ப்பவர் ஜெரமையா டான்வர்ஸ். அவளைக் கொண்டுபோக அரசுத் துறையினர் வருகின்றனர். அவளை விட்டுவிடுங்கள் என்று வேண்டி, அவளுக்கு ஈடாகத் தாமே அத்துறையில் பணிபுரிய இசைந்து, அவர்களுடன் புறப்பட்டுவிடுகிறார்.