மேஸ்திரி “தாங்கும்” என்றால் போதுமா?

கரிசல் மண்ணில் மாடி வீடு: கணக்கு போடும் என்ஜினீயர்கள்

இருக்கன்குடி—

அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேரும் இடத்தில் மாரியம்மன் கோவில். ஆடி கடைசி வெள்ளி என்றால் கால் வைக்க இடம் இருக்காது. இந்த வட்டாரத்தில் வீட்டுக்கு மேல் மாடி எழுப்ப நினைப்பவர் முதலில் கேட்பது மேஸ்திரியைத்தான். “அதெல்லாம் தாங்கும் அண்ணாச்சி!” என்பார். விஷயம் முடிந்தது.

பட்டாசு ஆலையில் அறைக்கு அறை இடைவெளி ஏன் என்று கேட்டால் இங்கே சின்னப் பையனும் சொல்வான், “ஒண்ணு வெடிச்சா அடுத்தது வெடிக்கக்கூடாது” என்று. அந்த ஜாக்கிரதை சொந்த வீட்டு மாடிக்கு மட்டும் இல்லை!

இது கரிசல் பூமி. மழையில் ஊதும். வெயிலில் பிளக்கும். மேலே நிற்கும் சுவர் என்ன செய்யும்? மூலைக்கு மூலை விரிசல். வெள்ளையடித்தால் மறையும், போகாது.

இங்கேதான் ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயர் வருகிறார். வீட்டின் அழகு ஆர்க்கிடெக்ட் பொறுப்பு. அது விழாமல் நிற்பது இவர் பொறுப்பு. ஆட்கள், தண்ணீர்த் தொட்டி, காற்று, பூமி அதிர்ச்சி என்று எல்லா பாரத்தையும் கூட்டி, எந்தத் தூணுக்கு எத்தனை கம்பி என்று வரைந்து கொடுப்பார். அதற்கு முன்னால் மண் பரிசோதனை அறிக்கை கேட்பார். கரிசலுக்கு ஒரு வழி உண்டு. மண் ஊதிச் சுருங்கும் ஆழத்துக்கும் கீழே துளை போட்டு, அடியில் குமிழ் மாதிரி அகலப்படுத்தி, கம்பி இறக்கி கான்கிரீட் நிரப்புவது. ரூர்க்கி மத்திய கட்டிட ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய முறை.

61 பேர் பலி

கட்டிடம் தாங்காவிட்டால்? சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-ந் தேதி மாலை, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் தரைமட்டமானது. 61 பேர் பலி. ஆந்திராவில் இருந்து பிழைக்க வந்த கூலித் தொழிலாளர்களும் அதில் உண்டு. பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டிடத்தை 2016 நவம்பர் 2-ந் தேதி வெடிவைத்து தகர்த்தார்கள். சில விநாடியில் மண்ணோடு மண்!

என்ன படிக்க வேண்டும்?

பிளஸ்-2வில் கணக்கு, இயற்பியல், வேதியியல். பிறகு 4 ஆண்டு பி.இ. சிவில். தமிழ்நாட்டில் 2007 முதல் இதற்கு நுழைவுத் தேர்வு கிடையாது, மார்க்கும் கவுன்சிலிங்கும்தான். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்தவர்கள் நேராக 2-ம் ஆண்டில் சேரலாம். அதோடு நின்றால் பொதுவான சிவில் என்ஜினீயர்தான். இதிலே ஊன்ற நினைப்பவர்கள் மேலும் 2 ஆண்டு எம்.இ. ஸ்ட்ரக்சுரல் படிக்கிறார்கள். அப்புறம் அனுபவசாலி ஒருவரிடம் சில வருஷம் வரைபடமும் வெயிலுமாகக் கிடக்க வேண்டும். பிளானில் கையெழுத்து போட பதிவும் தேவை.

ஒரு மாடிக்குப் போட்ட அஸ்திவாரத்தில் மூன்றாவது மாடி கேட்டால், முதலில் ஓரத்தில் தோண்டிப் பார்ப்பார். “வேண்டாம்” என்றும் சொல்வார். அதற்கும் பீஸ் உண்டு!